வேல்ஸுக்கு வெளியே வளரப்போகும் பிள்ளைக்கு வெல்ஷ் பெயர் வைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: கணவர் வடக்கு வேல்ஸில் பாலா ஊர்ப் பக்கம், வீட்டில் பேசுவது வெல்ஷ். கேட்டவருக்கு அந்த மொழி தெரியாது. இருப்பது லீட்ஸில், இரண்டு மூன்று வருடத்தில் கனடாவுக்கும் போகலாம். பெண் பிறந்தால் லினோஸ், ஃபியோன், லௌரி, ஆண் என்றால் டாவித், ஓஷன், மாக்ஸன் என்று ஆளுக்கு மூன்று பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள். "இங்கே ஒருத்தர் வாயிலும் நுழையாதே, எழுத்தையாவது ஆங்கிலத்துக்குத் தோதாக மாற்றிவிடலாமா, இல்லை ஆசையையே விட்டுவிடலாமா?"

ஆசையை விட வேண்டாம், எழுத்திலும் கை வைக்க வேண்டாம். ஆனால் எந்தப் பெயர் என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள்.

"வாயில் நுழையாது" என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது உண்மையில் இரண்டு வேறு தொல்லைகள். சில பெயர்களில் ஒலி எல்லாம் ஆங்கிலக்காரருக்குத் தெரிந்ததுதான், எழுத்துதான் அவரைத் தப்பாக இழுத்துக்கொண்டு போகும். வேறு சில பெயர்களில் அந்த ஒலியே ஆங்கிலத்தில் கிடையாது. முதல் வகைத் தொல்லை ஒரு ஆளுக்கு ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடும். பள்ளியில் ஆசிரியை முதல் நாள் தப்பாக வாசிப்பார், பிள்ளை திருத்தும், அடுத்த வாரம் எல்லாருக்கும் சரியாக வந்துவிடும். இரண்டாம் வகை அப்படித் தீராது. அந்த ஆள் நல்லவர், முயற்சியும் செய்கிறார், ஆனாலும் வராது, பத்து வருடம் பழகினாலும் வராது. பெயர்ப் பட்டியலை முதலில் இந்த ஒரு கேள்வியால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வகைக்கு ஃபியோன் நல்ல உதாரணம். ஃபாக்ஸ்குளோவ் பூவின் பெயர். தொடக்கத்தில் இரண்டு எஃப் வருவதைப் பார்த்ததும் ஆள் மிரளுவார், ஆனால் ஒலி சாதாரண ஃப-தான். வெல்ஷில் ஒற்றை எஃப் என்பது வ, இரட்டை எஃப் என்பதுதான் ஃப. அதனால்தான் இரண்டு எஃப் எதற்கு என்று ஒன்றை வெட்டிவிடக் கூடாது, வெட்டினால் வெல்ஷ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அது "வியோன்" ஆகிவிடும். எழுத்தை எளிமையாக்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ரீஸ் ஈவன்ஸ் என்ற நடிகரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர் தன் குடும்பப் பெயரை ஆங்கில வழக்கப்படி வி போட்டு எழுதாமல் ஐயும் எஃப்பும் போட்டு எழுதிக்கொள்கிறார், ஒலி ஏறத்தாழ அதேதான்.

மீதி விதிகளையும் சொல்லிவிடுகிறேன், மிரள வேண்டியதில்லை, ஆங்கிலம்போல வார்த்தைக்கு ஒரு நியாயம் வைத்திருக்கும் மொழி இல்லை இது. இரட்டை டி என்றால் நம் "அது" என்ற சொல்லில் வருகிற மெல்லிய த. சி எப்போதும் க. எஸ்ஸும் ஐயும் சேர்ந்து பின்னால் உயிரெழுத்து வந்தால் பெரும்பாலும் ஷ. டபிள்யூவும் ஒய்யும் உயிரெழுத்துகள். சொல்லின் கடைசி அசையில் வரும் ஒய் இகரம்போல ஒலிக்கும், முந்தைய அசைகளில் வந்தால் மங்கலான ஓர் அகரம். அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில். இதை வைத்துக்கொண்டு பாருங்கள், கடைசி அசையில் ஒய் போட்டு எழுதும் பெயர் ஏன் "எம்ரிஸ்" என்றும், ஆங்கிலக்காரர் "மைஃபான்வி" என்று படிக்கிற பெயர் உண்மையில் ஏன் "மவான்வி" என்றும் தானாகப் புரியும். கே, வி, எக்ஸ், இசட் போன்ற எழுத்துகள் அந்த நெடுங்கணக்கில் கிடையாது. கே போனதற்கு ஒரு கதை உண்டு. 1567-ல் புதிய ஏற்பாட்டை வெல்ஷில் அச்சிட்ட வில்லியம் சேல்ஸ்பரி, வெல்ஷுக்குத் தேவைப்படும் அளவுக்குக் கே அச்செழுத்து அச்சகத்தாரிடம் இல்லை, அதனால் சி போட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறார். கெரிஸ், காரிஸ் என்று பெயர் வைத்துவிட்டு "ஸெரிஸ்" என்று யாராவது கூப்பிடும்போது எரிச்சல் வந்தால் லண்டன் அச்சகத்தைத் திட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் வகையில் முதல் ஆள் இரட்டை எல். தமிழ்க்காரர் உடனே ழ என்று நினைப்பார்கள், ள என்றும் நினைப்பார்கள், இரண்டும் இல்லை. ல் சொல்ல நாக்கை வைக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் இரண்டு ஓரமும் காற்றை ஊத வேண்டும். ஆங்கிலக்காரர் இதற்குப் பதிலாக "த்ல" என்பார், "க்ல" என்பார், இல்லை வெறும் ல. லாயிட் என்ற பெயர் "சாம்பல் நிறம்" என்ற வெல்ஷ் சொல்லிலிருந்து வந்தது, அந்த முதல் ஒலியைப் பிடிக்க ஆங்கில வாய் பட்ட பாட்டில்தான் ஃபிளாயிட் என்ற இன்னொரு பெயரே பிறந்தது.

இந்தத் தொல்லை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி இருக்கிறது. வேல்ஸின் கடைசி இளவரசர் எனப்படும் லெவெலின் ஆப் க்ரிஃபித்தின் மகள் க்வென்லியன், 1282-ல் பிறந்தவள். அந்த வருடமே தகப்பன் கொல்லப்பட, கைக்குழந்தையாக அவளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் லிங்கன்ஷயரில் செம்பிரிங்ஹாம் கன்னியர் மடத்தில் வைத்துவிட்டார்கள். 1337-ல் இறக்கும்வரை அங்கேதான். அவள் பெயரை ஆங்கில எழுத்தர்கள் ஒருவர் "வென்ட்லியான்" என்பார், இன்னொருவர் வேறு மாதிரி, சரியாக எழுதியவர் அருமை. நடுவில் இருக்கும் அந்த இரட்டை எல்தான் காரணம். 2009-ல் ஸ்னோடோனியாவில் ஒரு மலையுச்சிக்கு அவள் பெயரை வைத்தார்கள், அங்கே எழுத்துப் பிழை இல்லை.

சரி, எழுத்தை மாற்றும் பேச்சுக்கு வருவோம். மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குப் பெருமை காரணம் இல்லை. எழுத்தை மாற்றினால் அது இங்கேயும் பழக்கமில்லாத பெயராக இருக்கும், அங்கேயும் பிழையாகிவிடும், இரண்டு பக்கமும் நஷ்டம். பாலாவில் இருக்கும் நைனும் டைடும், அதாவது வடக்கு வேல்ஸ் வழக்கில் பாட்டியும் தாத்தாவும், பிறந்தநாள் அட்டையில் சரியான எழுத்தில்தான் எழுதப்போகிறார்கள். அப்புறம் பிள்ளை கேட்கும், என் பெயரை நைன் ஏன் தப்பாக எழுதியிருக்கிறார் என்று.

ப்ரான்வென் என்ற பெயர் இதற்கு நல்ல பாடம். வெல்ஷில் "வென்" பெண்பால், "வின்" ஆண்பால். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதே பெயரைப் பெண்களுக்கு "வின்" போட்டு எழுதுவது அவ்வளவு பரவிவிட்டது, அது பிழை என்று சொன்னால் அங்கே ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேல்ஸில் பார்த்தால் பெண் பிள்ளைக்கு மீசை வைத்த மாதிரி இருக்கும். க்வின் என்பதும் அப்படியே, அது ஆண் பெயர், பெண்ணுக்கு க்வென். மெகன் இன்னும் வேடிக்கை: மார்கரெட்டின் செல்லப் பெயராக வேல்ஸில் உருவானது, வட அமெரிக்காவில் நடுவில் ஒரு எச்சைச் செருகி ஐரிஷ் பெயர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஓவன், இவான், ட்ரெவர் மாதிரி நூற்றாண்டுகளுக்கு முன்னே ஆங்கில உருவம் எடுத்துவிட்ட பெயர்கள் வேறு கணக்கு. அவை தனிப் பெயர்களாகவே வாழ்ந்துகொண்டிருக்கின்றன, தாராளமாக வைக்கலாம். நான் வேண்டாம் என்பது நீங்களே உட்கார்ந்து புதிதாக எழுத்தைக் கத்தரிப்பதை.

பெயருக்கு இரண்டு உச்சரிப்பு இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறவர்கள் டிலன் தாமஸை நினைத்துக்கொள்ளலாம். 1914-ல் ஸ்வான்சியில் பிறந்தவர், பெயர் மபினோகி என்ற பழைய கதைத் தொகுப்பில் கடலோடு போய்விடும் ஒரு பாத்திரத்தின் பெயர். வெல்ஷ் விதிப்படி "டலன்" என்று ஒலிக்க வேண்டும். ஆங்கிலத்தில் மந்தமானவன் என்று பொருள்படுகிற மாதிரி கேட்குமே, பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று அவர் அம்மாவே கவலைப்பட்டிருக்கிறார். கடைசியில் தாமஸுக்கே "டிலன்" என்பதுதான் பிடித்துப்போனது. இன்று உலகம் முழுக்க அப்படித்தான். ஸ்வான்சியிலிருந்து அமெரிக்கா போன கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் டிலன், காரிஸ். ஒன்று எங்கும் செல்லுபடியாகிற பெயர், இன்னொன்று ஒரு தடவை சொன்னால் புரிகிற பெயர். வெளிநாட்டில் இருப்பவருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான ஜோடி எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது, வேல்ஸுக்குள்ளே இருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது என்றும் இல்லை. 2021 கணக்கெடுப்புப்படி அங்கே வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். நியூபோர்ட்டில் வளர்ந்தாலும் க்வென்லியன் திருத்திக்கொண்டேதான் இருப்பாள்.

"இது அசல் வெல்ஷ் பெயர்தானா" என்று சிலர் துருவுவார்கள். அந்தக் கவலையை விட்டுவிடலாம். நியா ஐரிஷ் கதையிலிருந்து வந்தவள், ஓஷனும் அப்படியே. ஷான் என்பது ஜேன், லௌரி என்பது லாரா, க்விலிம் என்பது வில்லியம், மாக்ஸன் என்பவர் 383-ல் பிரிட்டனிலிருந்து படையைக் கிளப்பிக்கொண்டு ரோம் அரியணைக்குப் போட்டியிடப் போன மாக்னஸ் மாக்சிமஸ். கடன் வாங்கித் தன் எழுத்தில் எழுதித் தன் வாய்க்கு வளைத்துக்கொண்டால் அது அந்த மொழியின் பெயர்தான். வேல்ஸுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு உரிமை இல்லையோ என்று தயங்கினால் எலினெட் மோர்கனைப் பாருங்கள். 1870-ல், வெல்ஷ்காரர்கள் குடியேறிய அர்ஜென்டினாவின் படகோனியாவை நோக்கிப் போன கப்பலில், நடுக்கடலில் பிறந்தவர். கடலில் பிறந்தவள் என்று பொருள்கொண்டுதான் மோர்கன் என்ற பெயரைச் சேர்த்தார்கள். அர்ஜென்டினாவில் வளர்ந்து வெல்ஷில் எழுதிப் பெயர் வாங்கினார்.

பொருளை மட்டும் நன்றாக விசாரியுங்கள். குழந்தைப் பெயர்த் தளங்களை நம்பிவிடாதீர்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகிறவை. டெகன் என்றால் அழகி என்று எல்லாத் தளமும் சொல்லும், இன்றைய வெல்ஷில் அது விளையாட்டுப் பொம்மை. அகராதியைப் புரட்டி அழகான சொல்லாக ஒன்றை எடுப்பது இன்னும் ஆபத்து. செரென் (நட்சத்திரம்), எய்ரா (பனி), என்விஸ் (வானவில்) எல்லாம் பெயராகவே புழங்குகின்றன, சரி. ஆனால் "காரியாட்" என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தால் "கண்ணே" என்று பதிவேட்டில் எழுதியதுபோல் ஆகும். கதைப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கதையும் தெரிந்திருக்கட்டும். ப்ளோடெய்வெத் பூக்களால் செய்யப்பட்ட பெண், கேட்க அழகு, கணவனைக் கொல்லச் சதி செய்து ஆந்தையாக்கப்பட்டவள். ப்ரடெரி என்றால் கவலை, தொலைந்த மகன் கிடைத்ததும் தாய் ரியானன் முதலில் சொன்ன வார்த்தையையே பெயராக வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதைப் பற்றியே ஒரு கதை உண்டு: அரியன்ரோட் தன் மகனுக்குத் தானே வைத்தாலொழியப் பெயரே இருக்கக் கூடாது என்று சாபம் போடுகிறாள். மாமன் க்விடியன் செருப்புத் தைப்பவன் வேடத்தில் பையனோடு வருகிறான், பையன் ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவையைக் குறிபார்த்து அடிக்க, அவள் தன்னை மறந்து "அட, இந்தப் பொன்னிற முடிப் பையனுக்கு என்ன கைத்திறன்" என்கிறாள், அதுவே பெயராகிவிடுகிறது. உறவினர்கள் பெயர்ச் சண்டை போடும்போது சொல்லிச் சிரிக்க உதவும்.

தமிழில் எழுதுவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். மரியாளுக்கு வெல்ஷில் உள்ள பெயரைத் தயவுசெய்து உச்சரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், மா போட்டு ஐ போட்டு ஆர் போட்டால் தமிழ்க் காதில் என்ன விழும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்கு மாரி என்ற இன்னொரு வடிவம் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள், அது நம் ஊர்க் காதுக்கு அம்மனாகவே விழும். மறுபக்கம், யோவான் சுவிசேஷம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு வெல்ஷின் ஜான் ஆன "யோவன்" அப்படியே வரும். தாவீது என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு டாவித்தும் ஆங்கிலக்காரரைவிடச் சுலபம்.

பதிவு விஷயம். இங்கிலாந்தில் பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். வேல்ஸில் பிறந்தால் சான்றிதழை இரண்டு மொழியிலும் வாங்கலாம், இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் மட்டும். பவிஸ் மாவட்டத்துக்காரர்கள் பலர் பிரசவத்துக்கு எல்லை தாண்டி ஹியர்ஃபர்டு, டெல்ஃபர்டு பக்கம் போக வேண்டியிருப்பதால் வேல்ஸில் குடியிருந்தும் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். மொழி எதுவானாலும் பெயரை உங்கள் எழுத்திலேயே பதியலாம், பதிவாளர் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனம் மாறினால் பதிந்த 12 மாதத்துக்குள் முதற்பெயரை மாற்ற வழி இருக்கிறது.

உயிரெழுத்தின் தலையில் கூரைபோல வரும் குறிக்கு வெல்ஷில் "டோ பாஹ்", சின்னக் கூரை என்று பெயர். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் அது வராது, விமானச் சீட்டிலும் வராது. கூரை போனால் ஷான் "சையன்" ஆகிவிடும். எலின், நெஸ்டா, க்வென் மாதிரிக் கூரையில்லாத பெயரானால் இந்தக் கவலை இல்லை. இதையும் பெரிய துன்பமாக நினைக்க வேண்டாம். அர்ஜென்டினாவில் 1943 முதல் வந்த சட்டங்கள் ஸ்பானிய உருவம் எடுக்காத வெளிநாட்டுப் பெயர்களைப் பதிவேட்டுக்குள்ளேயே விடவில்லை, படகோனியா வெல்ஷ் குடும்பங்களுக்கு எந்தப் பெயர் என்று யோசிக்கும் வசதியே குறைந்துபோனது.

இனி உங்கள் ஆறு பெயர்கள். லினோஸ் ஒரு பாட்டுப் பறவையின் பெயர், எனக்குப் பிடித்த பெயர், ஆனால் தொடக்கமே இரட்டை எல். அவளை லீட்ஸிலும் டொரான்டோவிலும் வெறும் லினோஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், கணவருக்கு அது உறுத்துமா என்று கேளுங்கள், உறுத்தும் என்றால் நடுப்பெயராக வையுங்கள். ஜோன்ஸ், வில்லியம்ஸ் என்று ஊரெல்லாம் ஒரே குடும்பப் பெயராக இருப்பதால் நடுப்பெயரால் ஆளை அடையாளம் சொல்வது அங்கே வழக்கமும்கூட. லௌரி சுத்தமான முதல் வகை, "லோரி" என்று வாசிப்பார்கள், கனடாவில் லாரி என்று எழுதிக்கொள்வார்கள், ஒரு தடவை சொன்னால் போதும். பெண் பெயர்களில் என் ஓட்டு ஃபியோனுக்கு.

டாவித்தில் மூன்று பொறி இருக்கிறது, எஃப், ஒய், இரட்டை டி. "டாஃபிட்" என்று வாசிப்பார்கள், கொஞ்ச நாளில் டேவிட் என்று மாற்றிவிடுவார்கள். வெல்ஷ்காரரைக் கேலியாக "டாஃபி" என்று அழைப்பதும் இந்தப் பெயரிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள், அதுவும் காதில் விழும். பையனுக்குப் பிடிவாதக் குணம் இருக்கும் என்று தெரிந்தால் வைக்கலாம், தெரிய வழியில்லை. பாலா ஊர் ஏரியின் பெயரிலேயே உள்ள டெகிட், அல்லது பக்கத்து மலையின் பெயரில் உள்ள இத்ரிஸ், இரண்டையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இரண்டையும் எழுதியபடியே வாசிக்கலாம், இத்ரிஸ் அரபியில் தனியாக இன்னொரு வேரிலிருந்து வந்த பெயராகவும் இருப்பதால் உலகத்தில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஓஷன் என்றால் கடலா என்று கேட்பார்கள். கேட்கட்டும், அப்படிக் கேட்கிறவர் சரியாக உச்சரித்துவிட்டார் என்று அர்த்தம். மாக்ஸன் எழுத்திலும் ஒலியிலும் சிக்கலே இல்லை, ஆனால் பள்ளியில் இரண்டாம் நாளே மாக்ஸ் ஆகிவிடுவான். அது பரவாயில்லை என்றால் மாக்ஸன், இல்லையென்றால் ஓஷன்.